தெருமுனையில் கேட்ட இரண்டாம் கியர்

மின்சாரக் கார் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஈரோட்டில் வேலையை முடித்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்பிய ஓர் இரவு, ஒன்பதரை மணிக்கு நானே கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு, சார்ஜரைச் செருகிவிட்டு வீட்டுக்குள் போனேன். கூடத்தில் அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். "அம்மா" என்று நான் கூப்பிட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடியிலிருந்த முறம் கவிழ்ந்து காய் தரையெல்லாம் சிதறியது. "நீ எப்ப கண்ணு வந்த? வண்டிச் சத்தமே கேக்கலியே" என்றார். குனிந்து காயைப் பொறுக்கும்போது அடுப்பங்கரை கண்ணில் பட்டது. அடுப்பு எரியவில்லை. தோசைக்கல் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

அந்தக் கல் அந்த நேரத்தில் அடுப்பின்மேல் இருந்திருக்க வேண்டும். பழைய பெட்ரோல் கார் எங்களிடம் 11 ஆண்டு இருந்தது. பெரிய சாலையிலிருந்து பிள்ளையார் கோயிலை ஒட்டி எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடம் சற்று மேடு. அங்கே மூன்றாம் கியரில் ஏறினால் வண்டி திணறும் என்பதால் எப்போதும் இரண்டாம் கியருக்கு இறக்குவேன். எஞ்சின் ஒரு முறை குரலை உயர்த்தி அடங்கும். ஒரு நாளில் அந்தத் தெருவுக்குள் எத்தனையோ வண்டிகள் திரும்பும். அவற்றில் என்னுடையது எது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். நான் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும். அதற்கு முன்பு இருபது ஆண்டுக்கு மேலாக அப்பாவின் டீசல் அம்பாசிடருக்கும் அவர் அதையேதான் செய்தார். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பேச வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அன்றைக்கும் கால் மணி நேரத்தில் தோசை வந்துவிட்டது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் அம்மாவின் அந்தத் திடுக்கிடல் எனக்குள் அடங்கவே இல்லை. நான் வீடு வந்து சேர்ந்த செய்தியை இத்தனை ஆண்டும் யார் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தச் செய்தி நின்றுபோன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மின்சாரக் கார் வைத்திருப்பவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும், வழியில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள், எட்டு வருஷம் கழித்து பேட்டரி என்னவாகும். இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வண்டியைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை, மறுபடி பெட்ரோலுக்குப் போகவும் மாட்டேன். ஆனால் மாறியபின் எதை இழந்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் முதல் சில மாதங்களில் சில்லறைச் சங்கதிகளையே சொல்லியிருப்பேன். வண்டியில் ஸ்டெப்னி கிடையாது; பஞ்சர் ஆனால் ஒட்டுவதற்குப் பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான் தந்திருக்கிறார்கள். (மாற்றுச் சக்கரத்துக்கு நாம் இன்றும் வழங்கும் அந்தப் பெயர், வேல்ஸில் லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904ல் அதைச் செய்து விற்றவர்கள் வைத்தது. நம் லாரிப்பட்டறைகளில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.) பெட்ரோல் பங்க்கில் "ஜீரோ பார்த்துக்குங்க சார்" என்று ஒரு குரல் கேட்கும். அதுவும் இப்போது இல்லை. இவையெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான், அது காதைச் சேர்ந்தது.

காதால் ஓட்டியது

எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவர் அப்பா. அவருடைய அம்பாசிடரில் கியர்த்தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். முதல் பாடத்தின்போது ஒரு துண்டை மடித்து ஸ்பீடாமீட்டரின்மேல் போட்டு மூடினார். "முள்ளப் பாக்காத. வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு. அதுவே அடுத்த கியர் கேக்கும்" என்றார். முதல் வாரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீசல் எஞ்சினின் கடகடப்பு ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், கன்னங்குறிச்சி சாலையில் என்று நினைவு, அந்த இரைச்சலுக்குள் ஒரு படி இருப்பது பிடிபட்டது. இதற்குமேல் இந்தக் கியரில் என்னால் முடியாது என்று எஞ்சின் இறுகும் இடம் ஒன்று. இந்தக் கியருக்கு இந்த வேகம் போதாது என்று உதறும் இடம் ஒன்று. கேட்டது காது என்றாலும் கிளட்சை மிதித்தது கால். நடுவில் யோசனை என்று ஒன்று இருக்கவில்லை.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழன்றால், அதற்குள் நிமிடத்துக்கு 4,000 முறை எரிபொருள் வெடிக்கிறது. நொடிக்கு அறுபத்தாறு வெடிப்பு. நம் காதுக்கு வருவது அந்த வெடிப்புகளின் எண்ணிக்கைதான். அதைத்தான் சுருதி ஏறுவதாகவும் இறங்குவதாகவும் கேட்கிறோம். ஆகவே அந்த ஓசையைக் கேட்பதும் எஞ்சினின் வேலையைக் கேட்பதும் ஒன்றே. அது வீணாகும் ஆற்றலின் ஓசை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகவும் அதிர்வாகவும் புகையாகவும் போகிறது. மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை, அதனால் சொல்வதற்கும் அதனிடம் அவ்வளவு இல்லை. நான் ஏங்குவது ஒரு குறைபாட்டின் குரலுக்காக என்று தெரிந்தேதான் ஏங்குகிறேன்.

இழப்பு எவ்வளவு பெரியது என்று முதலில் காட்டியது தேசிய நெடுஞ்சாலை 44. தர்மபுரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சாலை காலியாக இருந்தது. மனதில் எண்பதில் போவதாக ஒரு கணக்கு. தற்செயலாகத் திரையைப் பார்த்தால் 112 என்றிருந்தது. பழைய வண்டியில் இது நடந்திருக்கவே முடியாது. தொண்ணூறைத் தாண்டும்போதே கதவின் கைப்பிடி அதிரும், எஞ்சினின் குரல் பேச்சை அமுக்கும், பக்கத்தில் இருப்பவர் "கொஞ்சம் மெதுவாப் போயேன்" என்பார். இப்போது டயரும் காற்றும் எழுப்பும் ஒரே சீரான இரைச்சல்தான். அது வேகத்தோடு கூடினாலும் படிப்படியாக ஏறுவதில்லை. அன்றிலிருந்து வேகம் குறித்த எச்சரிக்கை மணியை எண்பதில் வைத்திருக்கிறேன். அப்பா துண்டு போட்டு மறைத்த அந்த முள்ளைத்தான் இப்போது நான் நம்ப வேண்டியிருக்கிறது.

கார்க் கம்பெனிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. பி.எம்.டபிள்யூ தன் மின்கார்களுக்கு ஓசை அமைக்க ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரைப் பிடித்தது. ஹூண்டாய் 2023ல் வெளியிட்ட ஐயோனிக் 5 என் என்னும் வண்டி, இல்லாத எட்டுக் கியரை இருப்பதுபோல் காட்டும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் மோட்டாரின் விசையை ஒரு கணம் அறுத்து, ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் ஒலியையும் எழுப்பும். தெருவில் நடப்பவர்களுக்காகச் சட்டமே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மின்கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கி நகரும்போதும் ஓசை எழுப்பியாக வேண்டும். பார்வையற்றவர்கள் காதை நம்பித்தானே சாலையைக் கடக்கிறார்கள். இந்த விதியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். என் வண்டியிலும் அப்படி ஒரு ரீங்காரம் உண்டு. அதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அதுவா? பக்கத்து வீட்ல தண்ணி மோட்டார் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். அதே மாடல் வண்டி ஒவ்வொன்றும் அதே ரீங்காரத்தைத்தான் எழுப்பும். ஒரு கார் வருகிறது என்பதை அது சொல்லும், வருவது இன்னார் என்று சொல்லாது. 11 ஆண்டு ஓடி, சைலன்சரில் ஒரு ஓட்டை விழுந்து அடைத்து, கிளட்ச் பிளேட் இரண்டு முறை மாற்றிய வண்டிக்குத் தனக்கென்று ஒரு குரல் இருந்தது.

ஆரஞ்சு நிற ஒயர்

அந்தக் குரலை அம்மாவைவிட நன்றாக அறிந்தவர் ஐந்து ரோட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். வண்டியில் ஏதாவது கோளாறு என்று போனால் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு ஒரு முழ நீளமுள்ள ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். அதன் முனையை எஞ்சினில் ஓர் இடத்தில் வைத்து, மரக்கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். முனையை நாலு விரற்கடை நகர்த்துவார், மறுபடி கேட்பார். ஒரு முறை என்னையும் கேட்கச் சொன்னார். வெளியே ஒரே இரைச்சலாக இருந்தது அந்த இரும்பு வழியாக வந்தபோது தனித்தனியாகப் பிரிந்தது. ஊசி போன்ற ஒரு டிக் டிக் தெளிவாகக் கேட்டது. "டேப்பெட் லூஸ். மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார். இருநூறு ரூபாயில் வேலை முடிந்தது.

புது வண்டியை வாங்கிய மாதமே அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் வாங்கியது போன்ற ஒரு சங்கடம் எனக்கு. பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு பெட்டி, அதன்மேல் இன்னொரு பெட்டி, நடுவே தடித்த ஆரஞ்சு நிற ஒயர்கள். அந்த நிறம் உயர் மின்னழுத்தத்துக்கான அடையாளம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார், பழக்கத்தில். "ஆன்லதாண்ணே இருக்கு" என்றேன். பட்டறையில் ரேடியோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாமல் போனதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். பிறகு பானெட்டை அவரே மெதுவாக மூடி, "நல்ல வண்டி. டயர்ல காத்து மட்டும் வாரா வாரம் பாத்துக்குங்க, வெயிட்டு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டிக்குப் போனார்.

ஏற்காட்டிலிருந்து இறங்கியபோது

அம்மாவுக்குச் சேர்வராயன் கோயிலில் ஒரு வேண்டுதல் இருந்தது. ஒரு சனிக்கிழமை ஏற்காட்டுக்கு ஏறினோம். மின்காரில் மலை ஏறுவது ஆனந்தம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு இடத்திலும் திணறவில்லை. குகைக்குள் குனிந்துபோய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, இரவு ஒரு விடுதியில் தங்கினோம். விடுதிக்காரர் 15 ஆம்பியர் பிளக் ஒன்றைக் காட்டினார். ஒயரைச் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மின்காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து இழுத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அன்றாட ஓட்டத்தில் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது. ஆனால் நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. 1,700 கிலோ எடையுள்ள வண்டி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறது. கணக்குப் போட்டால் ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். பேட்டரியில் இடமில்லை என்றால் அது முழுவதும் பிரேக் தட்டில்தான் சூடாக இறங்கியாக வேண்டும். வண்டிக் கையேட்டில் இது எழுதியிருக்கிறது. நான் படித்தும் இருந்தேன். அன்று காலை அது என் நினைவில் இல்லை.

முதல் வளைவுக்கு முன்னால் காலை எடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை. நியூட்ரலில் விட்டதுபோல் தன்பாட்டில் ஓடியது. தொப்பூர்க் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிக் கவிழ்ந்த லாரிகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அந்த உணர்ச்சி வயிற்றைக் கலக்கும். கை தானாகக் கியரைத் தேடி இடப்பக்கம் போனது. அங்கே ஒரு வட்டத் திருகுதான் இருந்தது. "எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கு" என்று அப்பா சொல்வார். நம் ஊரில் மலை ஓட்டும் டிரைவர்கள் எல்லாருக்கும் வேதம் அதுதான். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைத் தோளில் தாங்கி இறக்கும். எனக்கு இப்போது ஏறின கியரும் இல்லை, இறங்கும் கியரும் இல்லை. பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் இறங்கினேன்.

அம்மா ஏசி ஒத்துக்கொள்ளாது என்று ஜன்னலை இறக்கியிருந்தார். மேலிருந்து நான்காவது வளைவு திரும்பியதும் கையை உயர்த்தினார். "கண்ணு, நிறுத்து. எதோ உரசுது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இந்த வண்டியில சத்தம் எங்கம்மா வரும்" என்றேன். "உரசுது. என் பக்கத்துச் சக்கரத்துல. சுத்துக்கு ஒரு தடவ" என்றார். பிடிவாதமான குரல். அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். இறங்கியதும் மூக்கில் ஏறியது, சூடேறிய பிரேக்கின் கருகல் நெடி. முன் இடச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது.

அம்மா பிறந்தது அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டில். வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. சமையலறையில் இருந்துகொண்டே எந்தத் தறியில் நாடா சரியாகப் போகவில்லை, எதில் பாவு இழை அறுந்தது என்று சொல்வாராம். பத்து வயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதுதான்: ஓசை மாறினால் தாத்தாவைக் கூப்பிட வேண்டும். நாங்கள் அந்த வளைவில் வண்டி ஆறுவதற்காகக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில்தான் இதை எனக்கு விவரமாகச் சொன்னார். கீழே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் சேலம் புகைமூட்டமாகத் தெரிந்தது. "தறி பேசாம ஓடுனா நெய்யறவங்களுக்குப் பயமா இருக்கும். இந்த வண்டியும் பேசாமத்தான் ஓடுதுன்னு நீ சொன்ன. நான் உன் பேச்ச நம்பிட்டு இத்தன நாளாக் காதே குடுக்கல. இன்னைக்கு ஜன்னல எறக்கினதும் கேக்குது" என்றார். வண்டிக்குக் குரல் இல்லை என்று நான் முடிவு கட்டியது எஞ்சின் குரல் ஒன்றையே எதிர்பார்த்த காதை வைத்துத்தான். மிச்ச வளைவுகளை ஆளில்லாத சாலையில் சைக்கிள் வேகத்தில், அவர் கேட்டுச் சொல்லச் சொல்ல இறங்கினேன்.

திங்கட்கிழமை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இந்த முறை பானெட்டைத் திறக்கவில்லை. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டின் ஓரம் முழுக்கப் பழுப்பாகத் துரு ஏறி ஒரு விளிம்பு கட்டியிருந்தது. பிரேக் பேட் நகர்வதற்கான 'பின்' என்னும் சிறு கம்பியும் இறுகிப்போயிருந்தது. "பிரேக்கே புடிக்காம ஓட்டுனா துரு ஏறாம என்ன பண்ணும் தம்பி? உங்க பழைய வண்டியில ஒவ்வொரு சிக்னல்லயும் இது தேஞ்சு தானா சுத்தமாயிரும்" என்றார். உப்புத்தாளால் தேய்த்து, அந்தக் கம்பியைக் கழுவி கிரீஸ் வைத்தார். சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுழற்று விட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனையைப் பிரேக்குக்குப் பின்னால் வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணை மூடினார். "யாரு கண்டுபிடிச்சது?" "அம்மாண்ணே." கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு மலைக்குப் போனால் எண்பது சதவீதத்துக்குமேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. வாரம் ஒரு முறை காலியான சாலையில் நாலைந்து தடவை அழுத்தமாகப் பிரேக் பிடிக்கிறேன். பாட்டைப் போடாமல் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுகிறேன். ஏற்றத்தில் மோட்டார் எழுப்பும் கீச்சொலி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்கு அகப்படுகிறது. ஆனாலும் இரவில் தனியாக வரும்போது அந்த மேட்டில் என் இடது கால் கிளட்சைத் தேடுகிறது. அது எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை, நிற்க வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

போன மாதம் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது தோசை மணம் வந்தது. அம்மாவைப் பார்த்தேன். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் சாக்கடைமேல் போட்டிருக்கும் சிமெண்ட் சிலாப் ஒன்று ஆடுகிறது. முன் சக்கரம் ஏறினால் ஒரு தடக், பின் சக்கரம் ஏறினால் இன்னொன்று. என் வண்டி கனம் என்பதால் இரண்டாவது தடக் அழுத்தமாக விழுகிறதாம். எப்போதும் சரியாக அமைவதில்லை. மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய வண்டிக்கும் ஒரு முறை கல்லைக் காயவைத்துவிட்டு, பிறகு அடுப்பை அணைத்திருக்கிறார். முன்பெல்லாம் அந்தச் சிலாப் வரும்போது வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கிப் போவேன். இப்போது நேராக அதன்மேலேயே ஏற்றுகிறேன்.